வலது கைக்கு இரண்டு கையுறை

காலையில் எழுந்ததும் கைக்குச் சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்க்கிறேன். போலந்தில் எங்கள் அறையின் ஜன்னலோரம், செல்போனுக்குப் பக்கத்தில், என் கையுறைகளும் ஒயரில் மாட்டிக் கிடக்கும். பச்சை விளக்கு எரிந்தால் கை தயார். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. நேரில் பேசச் சொன்னால் இதுவும் வராது.

நான் குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்துக்காரன். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டை ஏற்றி இறக்கினேன். இங்கே மீன் கம்பெனியின் குளிர் அறையில் பெட்டி அடுக்குகிறேன். புறப்பட்ட அன்று என் மச்சினன் தெருவுக்கே கேட்கும்படி, "அத்தானுக்கு என்ன கவலை? குத்தாலத் தண்ணியில ஊறுன ஒடம்பு. அவரைப் பாத்து ஐஸுதான் நடுங்கணும்" என்றான். என் மனைவி இசக்கி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சாரல் காலத்தில் சொந்தபந்தங்களோடு ஐந்தருவிக்குப் போனால் எல்லாரும் அருவிக்குள் நிற்பார்கள். நான் கரையில் உட்கார்ந்து எல்லாருடைய துணிமணிகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன். அதை என் பெருந்தன்மை என்று பலர் நினைத்திருந்தார்கள்.

குளிர் அறையில் அந்தப் பெருந்தன்மை செல்லுபடியாகவில்லை. விரல்கள் மெழுகுவர்த்தி போல வெளுத்து, பெட்டியின் விளிம்பைப் பிடிப்பதே தெரியாமல் போனது. அந்தச் சமயத்தில்தான், குளிர் தாங்காதவர்களுக்காகச் சூடேறும் வேலைக் கையுறை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று, அதை மாட்டிப் பார்க்க ஆள் தேடியது. எங்கள் சூப்பர்வைசர் மாரெக் யோசிக்கவே இல்லை, என்னைக் காட்டிவிட்டார். என் வாழ்நாளில் நான் முதலாவதாக வந்த ஒரே போட்டி அது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: இதிலும் கை சரிப்படாவிட்டால் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்கள், ஊருக்குத்தான். மேலகரத்தில் நான் கட்டத் தொடங்கிய வீடு அப்போது சுவர் மட்டத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கையுறையை வடிவமைத்தவள் பியாத்தா என்ற இளம்பெண். ஒவ்வொரு விரலின் மேல்பக்கமும் தலைமுடி போல ஒரு கம்பி ஓடும், மணிக்கட்டில் பேட்டரி இருக்கும். விரலின் சூட்டைக் குறித்துக்கொள்ள உள்ளே ஒரு பொட்டு போன்ற கருவி. காலையில் இரண்டு கையும் ஒரே சூடு காட்டின. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இடது கை சூடாகவே இருக்க, வலது கை மட்டும் விறைத்தது. "வலது கைக்கு வேலை அதிகமா?" என்று போனில் மொழிபெயர்த்துக் கேட்டாள். ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லையே. அவள் வலது கையுறையில் கம்பியைக் கூட்டினாள். மறுவாரம் காலை முழுவதும் சட்டியிலிருந்து எடுத்த வடையைப் பிடித்தபடியே வேலை பார்ப்பது போல இருந்தது. சாப்பிட்டு வந்தால் பழையபடி ஐஸ். பியாத்தா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நரம்பில் கோளாறு இருக்கலாம், டாக்டரிடம் காட்டித்தான் ஆகவேண்டும் என்றாள். டாக்டர் அப்படி எழுதிக் கொடுத்தால் டிக்கெட் போட்ட மாதிரிதான்.

இசக்கிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"மத்தியானத்துக்கு மேல வலது கை மட்டுமா வெறைக்குது?"

"ஆமா."

"கரண்டியில திங்கீயளா, கையாலயா?"

"கையாலதான்."

"கழுவிட்டுத் தொடைக்கீயளா?"

வலது கையைத் திருப்பிப் பார்த்தேன். நம் ஊரில் கையைக் கழுவி இரண்டு உதறு உதறினால் போதும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கேயும் அப்படியே உதறிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஈரக்கையை உள்ள உட்டா குளிராம கொதிக்கவா செய்யும்? அந்தப் பிள்ளைட்ட போயிச் சொல்லுங்க."

"வெக்கமா இருக்குட்டி."

"அப்போ டாக்டர்ட்ட போயி வெக்கப்படுங்க."

வெட்கத்துக்குக் காரணம் உண்டு. வந்த புதிதில் கேன்டீனில் நான் சோறு பிசைவதை ஒருவர் தன் தட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து காலி அட்டைப் பெட்டிகள் போடும் அறைதான் என் சாப்பாட்டு இடம். அங்கே குழாயில் பனித்தண்ணீர்தான் வரும். கரண்டியில் தின்று பார்த்தேன், வயிறு நிறைந்த மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் பியாத்தாவை அந்த அறைக்கு அழைத்துப் போனேன். பேச வராது என்பதால் டப்பாவைத் திறந்து தயிர்ச்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். அவள் தன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, தானும் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று டப்பாவுக்குள் கையை விட்டாள். இடது கை! அவள் இடது கைப் பழக்கக்காரி. "அய்யோ, அந்தக் கை வேண்டாம்மா!" என்று தமிழில் அலறிவிட்டேன். காரம் என்று எச்சரிப்பதாக நினைத்து, வாயில் போட்ட தயிர்ச்சோறு உறைப்பதற்கு முன்பே அவள் தண்ணீரைத் தேடி ஓடினாள். நானும் பின்னால் போய்க் குழாயில் கையைக் கழுவி, வழக்கம்போல உதறினேன். ஒரு சொட்டு அவள் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

கண்ணாடியைத் துடைக்காமல் அந்தச் சொட்டு வழியாகவே என் கையைப் பார்த்தாள். "வோதா!" என்று கத்தினாள். வோதா என்றால் தண்ணீர். அன்றோடு டாக்டர் பேச்சு முடிந்தது.

பிறகு எனக்கு வந்த பெட்டியில் மூன்று கையுறைகள் இருந்தன. இடதுக்கு ஒன்று, வலதுக்கு இரண்டு: சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கூடவே ஒரு துண்டும் வைத்திருந்தாள். கம்பெனியில் என்னை மூன்று கைக்காரன் என்கிறார்கள். ஒப்பந்தம் நீண்டது, வீட்டுக்கும் கூரை ஏறியது.

போன லீவில் கையுறைகளை வீட்டில் காட்ட ஊருக்கு எடுத்துப் போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்ததால் எல்லாருமாக ஐந்தருவிக்குக் கிளம்பினோம். வழக்கம்போல நான் துணிகளுக்குக் காவல் இருந்தேன், இந்த முறை கையுறையோடு. இசக்கி நனைந்த தலையோடு வந்து சுடச்சுட ஒரு வடையை நீட்டினாள். வலது கையுறையைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். மச்சினன் தலையைத் துவட்டியபடி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"யக்கா, அத்தான் முழுசா ஊருக்கு வரலை. ஒரு கை இன்னும் பாரின்லயே நிக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். வலது கையில் வடை சுட்டது. இடது மணிக்கட்டில், சாரலுக்குள், அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.