பகலில் சொன்ன பூச்சி

அன்று எங்கள் கொல்லையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி செல்வி, அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்த மகள் மீனா, பக்கத்து வீட்டு ஆட்டோக்கார ராமையா, எங்கள் நாய் பொரி. ஆறாவதாக இன்னொருவரும் இருந்தார். அவர் பெயரைச் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

இப்போது இது ஞாபகம் வந்ததற்கு மீனாதான் காரணம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு ஒரு நாய்க்குட்டியோடு வருகிறாளாம். “அப்பா, வீட்டை நல்லா பாத்து வைங்க. எதைக் கண்டாலும் வாயில போட்டுரும்” என்று போனில் சொன்னாள். இதைப் போய் என்னிடம் சொல்லலாமா? மறுநாள் விடிந்ததும் முட்டி போட்டுத் தரையில் தவழ ஆரம்பித்துவிட்டேன். குட்டியின் உயரத்தில் இருந்து பார்த்தால்தானே அதன் கண்ணில் என்னென்ன படும் என்று தெரியும். பிரிட்ஜுக்கு அடியில் என் பிரஷர் மாத்திரை ஒன்று. கட்டிலுக்கு அடியில் ஊக்கு. சுவரோரம் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு வயர். இவ்வளவு நாள் இந்த வீட்டில் எப்படி உயிரோடு இருந்தேன் என்று எனக்கே திகிலாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிளீச்சிங் பவுடர் பை ஒன்று வாய் திறந்து கிடந்தது. அந்த நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், மனசு செக்காலை ரோட்டுக்கு ஓடிவிட்டது.

அங்கே ஒரு ஆணி, பெயின்ட் கடையில் அப்போது வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். கணக்குப் பரீட்சைக்குப் பயந்து விட்டேன் என்றால் சிரிப்பீர்கள். அப்புறம் காலம் முழுக்கக் கடையில் கணக்குத்தான் போட்டேன். பயந்தவனைத் தேடித்தான் எல்லாம் வரும்.

பொரியும் அப்படி வந்ததுதான். மழையில் நனைந்து வாசலில் நின்றது. செம்பட்டை உடம்பில் பொரியை அள்ளி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். மீனா தூக்கி வைத்துக்கொண்டாள், எனக்குத் தூக்கம் போனது. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டேன். நாய் தின்றால் செத்துப்போகும் என்று யாரோ சொன்னார்கள். அரளிச் செடியை வேரோடு பிடுங்கினேன். எலி மருந்துக்கு வீட்டில் தடை. கொல்லைக் கதவுக்கு அடியில் ஒரு சாண் சந்து இருந்தது, அதில் நுழைந்து ரோட்டுக்குப் போய்விட்டால்? பழைய செங்கல்லை வாங்கிவந்து சந்தை அடைத்தேன். மிஞ்சிய கல்லைச் சுவரோரம் அடுக்கினேன். கடையில் இருந்து ஒரு நாளைக்கு நாலு தரமாவது வீட்டுக்குப் போன் போடுவேன்.

“நாய் என்ன பண்ணுது?”

“பரீட்சைக்குப் படிக்குது. போனை வைங்க.”

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கும் அப்படித்தான் போட்டேன். செல்வியின் குரல் மெதுவாக இருந்தது. “கொல்லைப்பக்கம் ஒரு பூச்சி வந்திருக்குங்க. பொரியை உள்ள கட்டிட்டேன். நீக பதறாம வாங்க.”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லமாட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுமாம். பூச்சி என்போம். அது இருட்டுக்கான பேச்சு. பட்டப்பகலில் பூச்சி என்றால் பூச்சிதானே? எனக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது. பயப்படுவதற்கு இவ்வளவு சின்னதாக ஒன்று அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. பக்கத்து உரக்கடையில் பூச்சி மருந்துத் தூள் வாங்கினேன். பாக்கெட்டில் சிவப்பாக ஒரு கட்டம், கீழே எல்லாம் இங்கிலீஷ். “நாய் இருந்தா பாத்துப் போடுங்கண்ணே” என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்தால் யாரும் இல்லை. செல்வி மகளைக் கூட்டிக்கொண்டு ராமையாவை அழைக்கப் போயிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. பொரி அடுப்படி ஜன்னலில் கட்டியிருந்தது. கழுத்து இறுகி மூச்சு முட்டுமோ என்று வாரை இரண்டு ஓட்டை தளர்த்திவிட்டு, கொல்லை முழுக்கத் தூளைத் தூவினேன். ஒரு மூலை விடவில்லை. செங்கல் இடுக்கில்கூட இறைத்தேன். கோல மாவில் கைவைத்த பிள்ளை மாதிரி வெள்ளைக் கையோடு நிற்கும்போது மூன்று பேரும் வந்தார்கள். ராமையா கையில் கம்பு.

“என்னங்க இது வெள்ளையா?”

“பூச்சிக்கு மருந்து.”

செல்வி தலையில் கைவைத்தாள். “நான் சொன்னது அந்தப் பூச்சிங்க! அந்தா, நீக அடுக்கின கல்லுக்குள்ள!”

அடுத்த நொடி நான் துவைகல் மேல் நின்றேன். ஏறியது நினைவில்லை. செங்கல் அடுக்கில் கொஞ்சம் முன்னால்தான் கையை விட்டுத் தூள் இறைத்தேன் என்பது மட்டும் நினைவு வந்து, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

“அண்ணே, அங்குட்டே நில்லுங்க, எறங்காதீக” என்றார் ராமையா. அவர் சொல்லாவிட்டால் இறங்கியிருப்பேனாக்கும்.

அப்போதுதான் பொரி வந்தது. தளர்த்திய வாரில் இருந்து தலையை உருவிக்கொண்டு நேரே கொல்லைக்குள் ஓடி, வெள்ளைத் தூளில் ஒரு புரளல். தும்மியது. உட்கார்ந்து பாதத்தை நக்க ஆரம்பித்தது.

“அப்பா, நக்குதுப்பா!” மீனா வீறிட்டாள். பொரி இருந்தது துவைகல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில். மற்றவர்களைவிட நான்தான் பக்கம். எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். கையில் மயிர் பட்டதும் வாரிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். செல்வி துணி சோப்பைப் போட்டுத் தேய்க்க, நான் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கழுவி முடிப்பதற்குள் எச்சில் நூல் நூலாக இறங்கியது. பின்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ராமையா திரும்பித் திரும்பிப் பார்த்தார். “அண்ணே, நாயைக் கொண்டு போறமா, ஒங்களைக் கொண்டு போறமா? நாய் கொஞ்சம் தெளிவா இருக்கு.”

என்ன மருந்து என்று டாக்டர் கேட்டார். நான் சட்டைப் பையைத் துழாவினேன். செல்வி இடுப்பில் செருகியிருந்த பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். ஊசி போட்டார்கள். அப்புறம் இன்னொன்று. “சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்” என்றார் டாக்டர். அந்த ‘பார்க்கலாம்’ எனக்குப் பிடிக்கவே இல்லை. மீனா என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். சிமென்டுத் தரையில் பொரியின் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணெடுத்தால் நின்றுவிடும் என்று பயம்.

“பகல்ல ஏன்டி பூச்சின்னு சொன்ன?”

“பாம்புன்னு சொன்னா நீக கடையிலயே விழுந்துருவீக. பொறவு நான் ஒங்களைப் பாக்குறதா, நாயைப் பாக்குறதா? வெறும் சாரைதாங்க. அதைப் போய் எதுக்குப் பெருசாச் சொல்லணும்?”

பொழுது சாயும்போது பொரி எழுந்து, தள்ளாடி வெளியே போய், ஆட்டோச் சக்கரத்தில் காலைத் தூக்கியது. “நனைக்கட்டும்ணே, கழுவிக்கிறேன்” என்று சிரித்தார் ராமையா. நான் அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கதவடிச் செங்கல்லை செல்வியே காலால் தள்ளிவிட்டாள். “வழியை அடைச்சுப்புட்டா அது எங்குட்டுங்க போகும்?” காலையில் அந்தச் சந்து வழியாக மண்ணில் ஒரு வளைந்த தடம் வெளியே போயிருந்தது.

பொரி அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் இருந்து, கிழடாகித்தான் போனது. ராமையா வீட்டை விற்றுவிட்டுக் கல்லல் பக்கம் போய்விட்டார். கொல்லை முழுக்க இப்போது சிமென்டு. ஒரு தடம் விழக்கூட மண் இல்லை. செல்வி மூன்று வருஷத்துக்கு முன்னால் போனாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதெல்லாம் “கொஞ்சம் வாய்வுதாங்க” என்றே கடைசிவரை சொன்னாள்.

நேற்று விளக்கு வைக்கிற நேரம் மீனா போன் பண்ணினாள். “அப்பா, அங்க இன்னும் பாம்பு வருமா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வராது என்றேன். அப்புறம், போன வாரம் நெஞ்சு வலிக்குக் காட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டைப் போட்டோ பிடித்து அவளுக்கு அனுப்பியிருந்தேனே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நோயின் பெயரை அப்படியே படித்துச் சொன்னாள். இப்போது எல்லாரும் எனக்கு எல்லாவற்றையும் அதனதன் பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள்.