ஆட்காட்டியின் காலில் ஒரு கோடு

கல்யாண ஆல்பம் செய்கிறவர்களுக்கு ஒரு புத்தி வந்துவிடும். எந்தப் படத்தைப் பார்த்தாலும் இதில் எவ்வளவு அசல், எவ்வளவு பூச்சு என்றுதான் கண் போகும். கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் எனக்குப் பல வருஷமாக அதுதான் வேலை. மணப்பெண்ணின் பருவை எடுப்பேன், மாப்பிள்ளையின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பை எடுப்பேன். ஒருமுறை வேகத்தில் ஒரு பெண்ணின் கன்னத்து மச்சத்தையும் சேர்த்து எடுத்துவிட்டேன். "இது எங்க பிள்ளையே இல்ல" என்று அவள் அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அப்படியும் எனக்கு அடுத்தவர் படத்தின் மேல்தான் சந்தேகம். தான் திருடி பிறரை நம்பாள் என்று சும்மாவா சொன்னார்கள்.

லீவு நாளில் எனக்குப் பறவைப் பைத்தியம். கூட வருகிறவர் ஒரு பஞ்சாலை எலக்ட்ரீஷியன். எங்கள் வாட்சப் குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நல்ல மனுஷர், படத்தைத் திருத்தத்தான் தெரியாது. ஷார்ப்னிங் என்பது ஓரங்களை அழுத்திக் காட்டி படத்தைக் கூர்மையாக்குவது. அளவு மீறினால் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு விழும். அண்ணாச்சிக்கு அளவு என்பதே கிடையாது. அவர் எடுத்த காக்கைக்குத் தலையைச் சுற்றி, எங்கள் மாதா கோவில் சுரூபங்களுக்கு இருப்பது போல, ஒளிவட்டம் இருக்கும். "அண்ணாச்சி காக்காவுக்குப் புனிதர் பட்டம் குடுத்திட்டாவ" என்று குழுவில் முதலில் எழுதியது நான்தான். அவரும் சேர்ந்து சிரித்தார்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு பேரும் பசுவந்தனை ரோட்டோரம் நின்றோம். வானம் மூடாப்பு. முந்தின நாள் மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. பிஞ்சைக் காட்டுக்குள் இறங்கினால் செருப்பு திரும்பி வராது. ரோட்டில் நின்றபடியே, தூரத்தில் நின்ற ஒரு மஞ்சள்மூக்கு ஆட்காட்டியை எடுத்தோம். அது ஒரு காலைப் பாதி தூக்கியபடி நின்றது. வெளிச்சம் போதாமல் கேமராவில் ஐஎஸ்ஓவை ஏற்றியதால் என் படம் முழுக்க ரவையைத் தூவியது போலப் புள்ளி. வீட்டுக்கு வந்ததும் அந்த நாய்ஸைக் குறைத்தேன். கைப்பழக்கத்தில் மணப்பெண் முகத்துக்கு வைத்திருக்கும் அளவையே தட்டினேன். மஞ்சள் கால் இரண்டும் மெழுகு மாதிரி வழுவழுவென்று வந்தன. குழுவில் போட்டேன், ஒரே பாராட்டு.

சாயங்காலம் அண்ணாச்சி தன் படத்தைப் போட்டார். தூக்கிய காலில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

"கால்ல நூலு சுத்தியிருக்கு. இறுகிக் கிடக்கு. நாளைக்கு ரெண்டு பேரு போனா ஆளுக்கொரு பக்கமா மடக்கிப் பிடிச்சு அறுத்து விட்ரலாம்."

நூல் சுற்ற வாய்ப்பு இல்லாமல் இல்லை. மக்காச்சோளத்துக்கு மயில் வராமல் கட்டும் நைலான் வலை கிழிந்து காடெல்லாம் பறக்கிறது. ஆனாலும் என் புத்தி அங்கே போகவில்லை. என் படத்தை எல்லோரும் கொண்டாடும் நேரம் பார்த்து இவர் ஏன் வட்டம் போடுகிறார்? என் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூலும் இல்லை, நாரும் இல்லை. அவர் படத்தைப் பெரிதாக்கினேன். காலைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. முதுகைச் சுற்றியும் அதே போல ஒன்று.

"அண்ணாச்சி, அது நூலு இல்ல, உங்க ஷார்ப்னிங்" என்று எழுதினேன். குழு விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் எனக்குத் தனியாகப் போன் போட்டார். "தங்கச்சி, நான் பொய் சொல்லுதேன்னு நெனைக்கியா? உன் படத்தைத் துடைக்காம ஒருக்கா பாரு."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. என் கை வேலையைப் பற்றி இவர் எனக்குச் சொல்வதா என்று வீம்பு. ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் போயிருக்கிறார். ஒரு பக்கம் நெருங்கினால் அது மறுபக்கம் பறந்துவிட்டது. திங்கட்கிழமையும் அப்படித்தான். யாராவது வாருங்கள் என்று குழுவில் கேட்டார். ஒருவரும் போகவில்லை, நான் சொன்ன பிறகு எப்படிப் போவார்கள்?

புதன்கிழமை ஸ்டுடியோ முதலாளி அந்தப் படத்தைச் சுவரில் மாட்டப் பெரிதாகக் கேட்டார். அதற்காகத்தான் அசல் கோப்பைத் திறந்தேன். புள்ளிகளுக்கு நடுவே, தூக்கிய காலில், சாம்பல் நிறத்தில் நான்கைந்து சுற்று. ஒரு முனை காற்றில் நீட்டிக்கொண்டு இருந்தது. என் படத்தை மறுபடி திறந்தேன். சுத்தமான கால்.

அசலைக் குழுவில் போட்டு, "நூல் இருக்கிறது. நான்தான் துடைத்துவிட்டேன்" என்று எழுதினேன். "அக்கா, இதை நீங்களா வரஞ்சிய?" என்று ஒருவர் கேட்டார். அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டேன். "காலைல வா" என்றார்.

வியாழக்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினோம். ஆளுக்கொரு பக்கம் நிற்கத் தேவையே இருக்கவில்லை. ஈரக் கரிசல் நூலில் அப்பி அப்பி, காலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டு இருந்தது. அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு அது எழ முடியாமல் இறக்கையை அடித்தது. அண்ணாச்சி துண்டைப் போட்டு அமுக்கி என் கையில் தந்தார். என் விரலுக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. அவர் பாட்டில் தண்ணீரை ஊற்றி மண்ணைக் கரைத்து, சின்னக் கத்தரியால் நூலை அறுத்தார். நூலோடு மூன்று விரலும் கறுத்துப்போய் கழன்று வந்தன.

"சனிக்கிழமை வெறும் நூலாத்தான் இருந்துச்சு" என்றார்.

நான் கையை விரித்தேன். அது பறந்து, கொஞ்ச தூரத்தில் இறங்கியது. இறங்கும்போது இல்லாத பாதத்தை முதலில் ஊன்றப் பார்த்து முகம் மண்ணில் இடிக்கச் சாய்ந்தது. எழுந்தது. மறுபடி அதே காலை ஊன்றப் பார்த்தது. அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னை இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.