புளியில் ஊறிய கோதுகள்

இன்று குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தபோது எழுந்த ஈரப் பித்தளை வாசம், எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டின் பின்னறை அப்பாவின் பட்டறையாக இருந்த காலத்துக்கு என்னை இழுத்துப்போனது. அவர் ஞாயிறுகளில் குறிபார்த்துச் சுடுகிற கழகத்துக்குக் கொண்டுபோகும் பழைய துவக்குக்கு எந்தக் கம்பனியும் தோட்டா செய்வதில்லை என்பதால், சுட்டபின் தெறித்து விழும் வெற்றுத் தோட்டாக் கோதுகளை நானும் அவருமாக ஈரப்புல்லில் தவழ்ந்து ஒன்றுவிடாமல் பொறுக்கி வருவோம். அவற்றை அம்மாவின் பழப்புளியில் ஊறவைத்து, மினுக்கி, சின்னத் தராசில் வெடிமருந்து நிறுத்துப் போட்டு, மேசையில் பூட்டிய அழுத்துபொறியின் கைப்பிடியை இழுத்துக் கோதுக்குள் குண்டை அமுக்குவார்; அந்தக் கிறீச்சொலி மழைநாள் முழுக்க வீட்டுக்குள் கேட்கும்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள், இஞ்சையும் துவக்கோ?" என்று அம்மா வாசலோடு நிற்பார். அந்த அறைக்குள் அவர் ஒருநாளும் கால்வைத்ததில்லை.

"கடதாசியைத்தானேயப்பா சுடுறன்" என்பார் அப்பா.

மறதி நோய் என்று டொக்டர் சொன்னதும் துவக்கையும் கோதுகளையும் கழகத்திடமே கொடுத்துவிட்டோம். பின்னறையில் இப்போது அவருடைய கட்டிலும் மருந்துகளும்.

விளக்கைத் துடைத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தேன். கதிரையில் இருந்த அப்பா மடியிலிருந்த போர்வையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோது ஒண்டு குறையுது, பிள்ளை."

பக்கத்தில் இருந்த அம்மா முழங்காலைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து, வெறும் கம்பளத்தில் கையை ஓடவிட்டார்.

"பொறுங்கோ, நானும் தேடுறன்."