மனுசியின்ர பேத்தைகள்

வலையில பேத்தை மீன் பட்டால் என்ர அப்பா காறித் துப்புவார். வலையைக் கடிச்சு நாசமாக்கிப்போட்டு, கையில எடுத்தால் காத்தை விழுங்கி ஊதிக்கொண்டு கிடக்கிற சனியன். நஞ்சு, கறிக்கும் ஆகாது. இறக்கக்கண்டிக் கடற்கரையில பிறந்து வளர்ந்த எனக்குக் கண்ணில காட்டேலாத மீன் எண்டால் அதுதான். அந்த மீனைத்தான் என்ர மனுசி கடையில வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் தலைமாட்டில வச்சு வளர்த்தவள்.

"உனக்கென்ன விசரோ? நாங்கள் தூக்கி எறியிற சாமானை ஆரும் வாங்குவினமோ?" எண்டு கேட்டனான்.

"இது கடல் பேத்தை இல்லையப்பா. ஆத்துப் பேத்தை. முழுசா வளர்ந்தாலும் இவ்வளவுதான்," எண்டு தன்ர சின்னவிரல் நுனியைக் காட்டினாள்.

அவளுக்குப் புற்றுநோய் எண்டு தெரிஞ்சு மருந்து ஏத்தத் தொடங்கின காலம் அது. சோறு வேகிற மணத்துக்கே சத்தி எடுப்பாள். படுத்த படுக்கையில பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேணும் எண்டாள். டிவி இருக்கே எண்டு சொன்னனான். "டிவிக்குப் பசிக்காது," எண்டாள். அதுக்குமேல அவளோட கதைச்சு வெல்ல ஏலாது.

பிஸ்கட் டின் அளவான கண்ணாடித் தொட்டி. அதுக்குள்ள நாலு மீன். மிச்சமெல்லாம் பாசியும் செடியும்தான். அவ்வளவு அடர்த்தியா நட்டு வச்சதுக்குக் காரணம் இருந்தது. பார்க்கச் சின்னனே தவிர பொல்லாத சாதி, ஒண்டை ஒண்டு கண்டால் வாலைக் கடிச்சுப்போடும். ஒவ்வொண்டுக்கும் ஒளிக்க ஒரு மூலை வேணும். வீட்டுக்கு வாற சனம் தொட்டியைப் பார்த்திட்டு, "என்ன, புல்லு வளர்க்கிறியளோ?" எண்டு கேட்குங்கள். புது ஆளைக் கண்டால் நாலும் செடிக்குள்ள பூந்திடும்.

அதுகளுக்குத் தின்னக் குடுக்கிறதுதான் பெரிய கரைச்சல். கடையில விக்கிற தீனியைத் திரும்பியும் பார்க்காதுகள். உயிரோட அசையிற சாமான் வேணும். நுளம்புப் புழு பிடிச்சுத் தாங்கோ எண்டாள். டெங்கு ஊரெல்லாம் அள்ளிக்கொண்டு போகுது, நான் வீட்டில நுளம்பு வளர்க்கிறதோ எண்டு பேசினனான். கடைசியில நத்தைக்கு வந்து நிண்டது. நான் எஞ்சின் மெக்கானிக். வள்ள எஞ்சினும் பார்ப்பன், வயல் பம்பும் பார்ப்பன். தோப்பூர்ப் பக்கம் பம்பு திருத்தப் போனால் வரேக்குள்ள வாய்க்காலில இறங்கி, பாசியோட மிளகளவு நத்தையள் பொறுக்கிக்கொண்டு வருவன். சனம் சிரிக்கும். சிரிச்சிட்டுப் போகட்டும்.

நத்தையைப் போட்டவுடன அவள் தலையணையை நிமிர்த்திச் சாஞ்சு இருப்பாள். ஒரு மீன் செடிக்குள்ளால மெல்ல வெளியில வரும். அந்தரத்தில அப்பிடியே நிக்கும். உடம்பு அசையாது, கண் மட்டும் உருளும். நத்தை ஓட்டுக்குள்ளால முகத்தை நீட்டுமட்டும் காத்திருந்து, டக்கெண்டு ஒரு கடி. "பிடிச்சிட்டுது! பார்த்தனீங்களோ?" எண்டு கையைத் தட்டுவாள். ஒரு கரண்டி கஞ்சி உள்ளுக்குப் போகாத மனுசி, அதுகள் தின்னுறதைப் பார்த்து வயிறு நிறைஞ்ச மாதிரி இருப்பாள். எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் ஆத்திரம். நான் வச்சுக் குடுத்த கஞ்சி ஆறிப்போய் மேசையில கிடக்கும்.

கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டைக்கு, ஓட்டோவில ஏறினவள் என்ர சேட்டைப் பிடிச்சு இழுத்தாள். "நான் வருமட்டும் அதுகளை உயிரோட வச்சிருப்பீங்களோ?"

"ஓம். வச்சிருப்பன்."

"சும்மா சொல்லாதேங்கோ."

"சும்மா சொல்லேல்லையப்பா. நாலையும் வச்சிருப்பன்."

வச்சிருந்தனான். பின்னேரம் வார்ட்டுக்குப் போனால் அவளுக்கு நத்தைக்கதைதான் சொல்ல வேணும். எது திண்டது, எது தின்னேல்லை, எது எதைத் துரத்தினது எண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேப்பாள். பிறகு கேக்கிறதும் நிண்டுபோச்சு. வீட்டுக்கு வந்தாள்தான். பெட்டியில வந்தாள்.

செத்தவீட்டுச் சனம் அறைக்குள்ள இடம் எடுக்கிறதுக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குசினி விறாந்தையில பானை சட்டியளோட வச்சிருக்கினம். எனக்குத் தெரியாது. நான் அதுவரைக்கும் அழவுமில்லை. எங்களுக்குப் பிள்ளையள் இல்லை, கொள்ளியும் நான்தான் வச்சது. வச்சிட்டு மரக்கட்டை மாதிரித் திரும்பி வந்தனான்.

எங்கட ஆக்களின்ர வழக்கம், பிரேதம் படலையைத் தாண்டினவுடன வீட்டில நிக்கிற பொம்பிளையள் வீட்டைக் கழுவுவினம். குடம், வாளி, பானை எண்டு வீட்டுக்குள்ள தேங்கி நிண்ட தண்ணி ஒரு சொட்டு மிச்சம் இல்லாமல் வெளியில ஊத்த வேணும். பக்கத்து வீட்டு மாமிதான் முன்னுக்கு நிண்டு எல்லாம் செய்தவா. நான் வளவுக்குள்ள காலடி வைக்கேக்குள்ள எல்லாப் பாத்திரமும் கவிண்டு கிடந்தது. அதுகளோட அந்தக் கண்ணாடித் தொட்டியும் கவிண்டு கிடந்தது.

"ஆர் இதை ஊத்தினது?" எண்டு நான் போட்ட சத்தத்தில வாசலில நிண்ட சனம் விலகிச்சுது.

"நான்தான் தம்பி. பாசி பிடிச்ச தண்ணி எண்டு..."

"நாலு உயிர் இருந்தது மாமி அதுக்குள்ள! அவள் என்னட்டத் தந்திட்டுப் போனது!"

ஈர வேட்டியோட சேத்துக்குள்ள முழங்காலில விழுந்தனான். வெயில் சுட்ட சீமெந்தில ரெண்டு காய்ஞ்சு ஒட்டிக் கிடந்தது. ஒண்டில எறும்பு ஏறியிருந்தது. மற்ற ரெண்டையும் காணேல்லை. அப்பத்தான் எனக்கு அழுகை வந்தது. சுடலையில வராத அழுகை. வாயைத் திறந்து, குழந்தைப்பிள்ளை மாதிரிக் கத்தி அழுதன். ஆரோ தோளைப் பிடிச்சினம், நான் கையைத் தட்டிவிட்டன்.

 மாமி எனக்குப் பக்கத்தில குந்தினா. கொட்டிக் கிடந்த பாசியைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தா. ஊத்தி வெகுநேரம் ஆகேல்லைப் போல, பாசிக்குள்ள இன்னும் ஈரம் இருந்தது.

"தம்பி, இதுவோ?"

உள்ளங்கையில ஒண்டு. மஞ்சள் வயிறு. செவுள் மெல்லத் துடிச்சுக்கொண்டிருந்தது.

"தண்ணி! தண்ணி கொண்டுவாங்கோ!" எண்டு கத்தினன். ஆரோ பைப்பைத் திறந்தினம். "அது வேண்டாம், குளோரின் மணக்கிற தண்ணி, செத்துப்போடும்!" எண்டன். மணம் போகட்டும் எண்டு பிடிச்சு வைக்கிற தண்ணி வீட்டில ஒரு சொட்டு இல்லை. எல்லாம் ஊத்தியாச்சு.

மாமி கையைப் பொத்திக்கொண்டு எழும்பி வீட்டுக்குள்ள ஓடினா. வீடு கழுவின கையோட, பிரேதம் கிடந்த இடத்தில விளக்குக் கொளுத்தி, போனவள் தாகத்துக்கு வருவாள் எண்டு செம்பில தண்ணி வச்சிருந்தினம். மாமியின்ர வளவுக் கிணத்துத் தண்ணி. பைப்புத் தண்ணியை அவளுக்கு வைக்க மனம் வரேல்லை எண்டு மாமியே அள்ளிக்கொண்டு வந்து வச்சதாம். அதுக்குள்ள கையைத் தாழ்த்தினா.

"ஐயோ, அது செத்தவளின்ர தண்ணியெல்லோ!" எண்டு சனம் பதறிச்சுது.

"தெரியும். அவள் தாகமெண்டு வந்தால் நான் பதில் சொல்லுறன்."

மீன் பக்கவாட்டில கிடந்தது. நான் செம்புக்கு மேல குனிஞ்சு பார்த்துக்கொண்டே இருந்தன். கனநேரத்துக்குப் பிறகு ஒரு செட்டை அசைஞ்சுது, பிறகு மற்றது. பிறகு மெல்ல நிமிர்ந்து நிண்டது.

"ஒண்டுதானப்பா மிஞ்சினது," எண்டு விளக்கைப் பார்த்து அவளுக்குச் சொன்னனான்.