காத்திருக்கத் தெரிந்த பைபிள்

இங்கிலாந்தின் இந்த லெஸ்டர் நகரத்தில் பஸ் பேசுகிறது, லிப்ட் பேசுகிறது, கடையில் காசு வாங்குகிற மெஷின்கூடப் பேசுகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷர்தான் பேசுவதில்லை. இலங்கையில் எங்கள் ஊர்ப் பதுளை பஸ்ஸாக இருந்தால், தெமோதரை தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரி வீட்டில் நேற்று என்ன குழம்பு என்பதுவரை தெரிந்திருக்கும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மருமகள் ஸ்டெல்லா. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் என் போனுக்குப் பைபிள் தேர்ந்தெடுத்தது நான்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இங்கே சர்ச்சில் புதன்கிழமை பெண்கள் கூடுவார்கள். வாரத்துக்கு ஒருத்தி பைபிளில் ஒரு பகுதியைச் சொல்லி, அதைப் பற்றிப் பேச வேண்டும். என் முறை வந்தால் மட்டும் சிரித்துக்கொண்டே அடுத்தவளிடம் போய்விடுவார்கள். பாவம், என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்றுதான். எனக்கோ அந்த முறை வேண்டும். "அடுத்த புதன் நான்" என்று ஸ்டெல்லாவை விட்டுச் சொல்லவைத்தேன். கூட்டத்தை நடத்துகிற ஹெலன் சந்தோஷப்பட்டு, என் போனில் ஒரு தமிழ் பைபிள் ஆப் போட்டுக் கொடுத்தாள். நான் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்ததும், கண் மங்கல் என்று நினைத்து எழுத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கடைசியில் ஒரே ஒரு எழுத்து, திரை முழுக்கப் பூசணிக்காய் மாதிரி நின்றது. "தேங்க் யூ" என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து, வாய்விட்டுப் படிக்கிற ஆப்புகளாகப் பார்த்து ஸ்டெல்லா போட்டாள். ஒன்றில் விளக்கம், வரைபடம் எல்லாம் இருந்தன. குரலும் நல்ல குரல். ஆனால் முதல் வசனத்தை நான் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் அது மூன்றாவதுக்கு ஓடிவிட்டது.

"ஏய், நில்லுடா!" என்று போனை அதட்டினேன்.

"மாமி, நீங்க சும்மா கேட்டா போதும்."

"கேட்டா எப்புடிடி மனசுல நிக்கும்? வாயில வந்தாத்தானே நிக்கும்."

ஊரில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஜெபவீட்டில் புத்தகம் உபதேசியாரிடம் மட்டும்தான். அவர் ஒரு வரி படித்து நிறுத்துவார், சனம் திருப்பிச் சொல்லும். பெரகலையிலிருந்து மழையில் நடந்து வருகிறவர், இருமல்காரர். சிலர் அந்த இருமலையும் சேர்த்துச் சொல்வார்கள். திங்கட்கிழமை தேயிலை மலையில் மேல் நிரைக்காரி, ஞாயிறு கேட்டதில் ஒரு வரியைச் சொல்ல, கீழ் நிரையில் கொழுந்து பறிக்கிற நாங்கள் திருப்பிச் சொல்வோம். "இது ஜெபமா, சண்டையா?" என்பார் வேலையை மேற்பார்க்கிற கங்காணி.

ஆகவே ஒவ்வொரு ஆப்பையும் பேசவிட்டுச் சோதித்தேன். வரைபடக்காரன் போனான். பின்னால் வாத்தியம் வாசித்தவனும் போனான். கடைசியில் ஒரு சின்ன ஆப். தொட்டால் ஒரு வசனம் சொல்லும், மறுபடி தொடும்வரை வாய் திறக்காது.

"இவன்தான் மாப்பிள்ள" என்றேன்.

"இதுல ஒண்ணுமே இல்லையே மாமி!"

"காத்திருக்கானே. அது போதும்."

புதன்கிழமை, அவனோடு சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்கியிருந்த கதையை எடுத்தேன்: மாமியாரோடு வேறு தேசத்துக்குப் போன பைபிள் மருமகளின் கதை. ஸ்டெல்லாவைச் சீண்டத்தான். முதல் வரியைச் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொல்லட்டும் என்று வழக்கம்போல நிறுத்தினேன். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்த ஹெலன், தைரியமாகச் சொல் என்று தலையாட்டினாள். நீ சொல் என்று நானும் ஆட்டினேன். இருவரும் ஆட்டிக்கொண்டே இருந்தோம். ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் விளக்கினாள். உடனே அத்தனை வெள்ளைக்காரிகளும் அந்தத் தமிழ் வரியை நாக்கில் உருட்டி உருட்டிச் சொன்னார்கள். கதை முடியும்வரை முறை என்னுடையதாகவே இருந்தது.

ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினேன். அவர்கள் சொல்லி முடித்தார்கள். முடித்த பிறகும், அங்கே தோட்டத்து மலையில் நிற்கிறவர்களும் சொல்லி முடிக்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்த வரிக்குப் போனேன்.