மேலே ஒன்று, கீழே ஒன்று

வீச்சுவலை எறிய இரண்டு கை போதாது. வாயும் வேணும். கயிறு இடது மணிக்கட்டில் இருக்கும். வலையில் பாதி இடது முழங்கையில், மற்றப் பாதி வலது கையில். ஈயமணி கோத்த விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேணும். உடம்பைத் திருப்பி எறிகிற நேரம் பார்த்துப் பல்லை விட்டால் வலை வட்டமாக விரியும். விடப் பிந்தினால் பல்லும் வலையோடு போகும்.

பெரியகல்லாற்றுப் பக்கம் வாவியில் நான் முப்பது வருசம் அப்படிக் கடித்தேன். இடுப்பளவு தண்ணீரில் தனியே நிற்கிற தொழில். சத்தம் கேட்டால் திரளி மீன் ஓடிவிடும். வாயில் வலை. பேசவும் ஏலாது, பேச ஆளும் இல்லை.

மனைவி செத்த பிறகு கரையிலும் அப்படித்தான். வீடு மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அங்கே மகளும் மருமகனும். நான் வாவிக் கரையில் ஒரு குடிசை போட்டு இருந்தேன். மகள் கூப்பிடாமல் இல்லை. "வலை எறிய ஏலாமப் போனா வாறன் புள்ள" என்று சொல்லி வைத்திருந்தேன். நான் பிடித்த மீன், நான் ஆக்கின சோறு. அது உள்ளவரைக்கும் இன்னொருவர் அடுப்பைப் பார்த்து இருக்கத் தேவையில்லை.

நூல்வலை போய் நைலோன் வலை வந்தது. அது பல்லை அராவியது. முன்பல் எல்லாம் ஆடத் தொடங்கியது. பல்லைச் சுற்றி முரசுச் சதையில் கறுப்பாக ஒரு கோடு. வயிறும் அடிக்கடி முறுக்கும். கராம்பு வைத்துப் பார்த்தேன். ஒரு கிழமை கஞ்சியும் இறங்கவில்லை. பஸ் ஏறி ஆசுப்பத்திரிக்குப் போனேன்.

பல் டாக்டர் இளம் ஆள். வாய்க்குள் பார்த்துவிட்டு, "என்னத்தக் கடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"வலை ஐயா. ஈயம்."

"ஈயம் நஞ்சு. இனிக் கடிக்கப்படாது. இந்தப் பல்லு ஒண்டும் உதவாது. எல்லாத்தையும் எடுக்கணும்."

"கடிக்காம என்னெண்டு எறியிற?"

"கை இருக்குத்தானே."

"ரெண்டுதான் இருக்கு ஐயா."

பக்கத்தில் நின்ற நேர்ஸ் சிரித்தா. நான் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இதில மேல ஒண்டு, கீழ ஒண்டு விடுங்க. மத்ததெல்லாம் எடுங்க."

"அது ரெண்டும்தான் எல்லாத்திலயும் கூடப் பழுது. சப்பவும் ஏலாதே அதால."

"சப்புறதுக்கு இல்ல ஐயா."

டாக்டர் மற்றப் பல்லையெல்லாம் எடுத்தார். இரண்டையும் விட்டார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எங்கே இறங்குவது என்று கேட்டார். கையால் காட்டினேன். அதோடு அவரும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னிடம் மீன் எடுக்கிற வியாபாரிப் பெண் மட்டும் விடவில்லை. "என்ன மாமா, வாசலுக்கு ரெண்டு காவல்காரன் போட்டிருக்கிங்க போல." சிரித்தால் இரத்தம் வரும். சிரிக்கவில்லை.

அந்த இரண்டு பல்லோடு நாலு மாரிகாலம் போனது. நோகாத நாள் இல்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் எடுப்பார்.

ஒரு விடியற்காலை மேல்பல் போனது. வலை விரியாமல் சாக்கு மூட்டை மாதிரி விழுந்தது. வாயெல்லாம் உப்பும் இரத்தமும். பல்லைத் தேடவில்லை. சேற்றுக்குள் எங்கே தேடுவது. கரையைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. நல்லது என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் மகள் வீட்டில் சாப்பிட்டேன். மருமகன் நல்ல மனிசன். பாயைத் தட்டிப் போட்டார். மகள் சோற்றைக் குழைத்து, மீனை முள் எடுத்து வைத்தாள். பிழை சொல்ல ஒன்றும் இல்லை. சந்தையில் வாங்கின மீன்.

"இனி இஞ்சயே இருங்களன் மாமா" என்றார் மருமகன்.

வாயில் சோறு. தலையை ஆட்டினேன். ஓம் என்றா இல்லை என்றா, அவருக்கு விளங்கியிராது. எனக்கும் அந்த நேரம் தெரியாது.

அடுத்த நாள் வலை விளிம்பில் பழைய சாரன் துணித் துண்டைச் சுற்றினேன். கீழ்ப் பல்லுக்கும் மேல் முரசுக்கும் நடுவில் வைத்துக் கடித்தேன். கண்ணால் தண்ணீர் வந்தது. எறிந்தேன். பாதிதான் விரிந்தது. இழுத்துப் பார்த்தால் நாலு மணலை மீன் கிடந்தது. வியாபாரிப் பெண்ணுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஒரு ஆளின் கறிக்குக் காணும்.

குடிசைக்குப் போய் உலை வைத்தேன்.