அவன் எண்ணிலிருந்து வந்த அழைப்பு

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. எனக்குப் பதினேழு வயது. என் ஊர் வேலணை. நான் காதலித்தவன் புங்குடுதீவு; நடுவில் கடல்மேல் ஒரு நீளப் பாலம். சனிக்கிழமைகளில் சாட்டிக் கடற்கரையில் சந்திப்போம். இரண்டு வீட்டுக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து பனைகள் நிமிரவேயில்லை. "பாலத்திலை காத்து பெலமாக் கிடக்கு, நாளைக்கு வரட்டோ?" என்று செய்தி அனுப்பினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இண்டைக்கு வராட்டி இனி வரவேண்டாம்" என்று அனுப்பினேன். அவன் வெளிக்கிட்டான். பாலத்தில் மோட்டார் சைக்கிள் சரிந்து அங்கேயே செத்துப்போனான்.

செத்தவீட்டுக்கு, எங்கள் இருவரோடும் ரியூசன் வகுப்பில் படித்த பிள்ளைகளோடு போனேன். சொந்தக்காரப் பெண்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதார்கள். கூடப் படித்தவள் அழும் அளவுக்குத்தான் நான் அழலாம். கொஞ்சம் கூடிவிட்டது.

"என்னடி, உனக்குச் சொந்தமோ?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அப்போது என் மடியில் கைபேசி அதிர்ந்தது. அவனுடைய எண். நிமிர்ந்தேன். பெட்டியின் தலைமாட்டில் அவனுடைய அக்கா, அவன் கைபேசியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்னைக் குசினிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நீர்தானே?"

"ஓம் அக்கா."

"அம்மா பாக்க முதல் எல்லாத்தையும் அழிச்சிட்டன். இனி இஞ்சை வரவேண்டாம்."

அவள் அழித்தது அவன் கைபேசியில் இருந்ததை மட்டும்தான். என்னுடையதில் நான் அனுப்பிய அந்தச் செய்தி அப்படியே கிடக்கிறது. ஊரெல்லாம் அந்தக் காற்றைத் திட்டுகிறது. நானும் சேர்ந்து தலையாட்டுகிறேன்.